தேயப் பிறந்த தட்டு

கூலாயில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் மேசைமேல் மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றுமே புரோட்டோன் சாகா 1.3-க்கான கிளட்ச். ஒன்று ஜப்பானியத் தயாரிப்பாளரின் முழு செட். இன்னொன்று அதில் பாதி விலைகூட இல்லை. எந்த ஊரில் செய்தது என்று பெட்டியில் எங்கேயும் போடவில்லை. மூன்றாவதுதான் விலை அதிகம். அதன்மேல் சிவப்பு எழுத்தில் ‘ஹெவி டியூட்டி’ என்று அச்சடித்திருந்தது. என் காடி, அப்பா 1991-இல் வாங்கியது. எஞ்சினில் யாரும் கை வைத்ததில்லை, டயர் அளவைக்கூட மாற்றியதில்லை. அப்படிக் காப்பாற்றி வந்த காடிக்கு நல்லதாகப் பார்த்துப் போட வேண்டும் என்ற ஆசையில் மூன்றாவது பெட்டியை வாங்கினேன்.

எட்டு மாதத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தது. செனாய் பக்கம் சாலைச் சமிக்ஞை விளக்கில் நின்றிருந்தபோது பெடல் சட்டென்று தரையோடு படுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய எட்டு மாதமும் இடது முழங்காலில் வலி. முதல் கியரில் காடி குதித்துக் குதித்துத்தான் கிளம்பும். ஆனால் கழற்றிப் பார்த்தபோது பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. அது நல்ல கிளட்ச், வேறொரு காடிக்கு.

மாற்றம் எதுவும் செய்யாத பழைய காடிக்குப் பலமான கிளட்ச் ஏன் வேண்டாம் என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வுப் பாடத்துக்குள் அடங்குகிறது.

எஞ்சின் நின்றுவிடாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்து வைப்பதுதான் கிளட்ச். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்பு வட்டு ஃப்ளைவீல். அதன் முகத்தில் கிளட்ச் கவர் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். இரண்டுக்கும் இடையில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அகலத்தில், கியர்பாக்ஸின் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். கவருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடும். அவ்வளவுதான். பல்லோ கொக்கியோ எதுவும் இல்லை. முழுக் காடியையும் இழுத்துப் போவது வெறும் உராய்வு.

அந்த உராய்வு எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்று நாமே கணக்குப் போடலாம். உராய்வுக் கெழு, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, பிளேட்டுக்கு இரண்டு முகம் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். சாகா அளவுள்ள சிறிய காடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கெழு 0.3. அழுத்தம் 3,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 350 கிலோ பாரம். சராசரி ஆரம் 8 சென்டிமீட்டர். பெருக்கினால் 168 நியூட்டன் மீட்டர் வருகிறது. கார்பரேட்டர் வைத்த 1,300 சிசி எஞ்சின் தரக்கூடிய முறுக்குவிசையோ 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேலாகவே கையிருப்பு இருக்கிறது. பிளேட் தேய்ந்தாலும், சூடேறிக் கெழு கொஞ்சம் இறங்கினாலும் தாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கையிருப்பு. வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் நாம் கூட்ட வேண்டியது எதுவும் இல்லை.

இந்தக் கணக்கில் பிளேட்டின் பரப்பளவு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று பிரெஞ்சு அறிவியலர் கியோம் அமோந்தோன் 1699-இல் சொன்னார். பெரிய பிளேட் அதிகம் இழுப்பதற்குக் காரணம் அதன் ஆரம் பெரிதாக இருப்பதுதான். பரப்பு உதவுவது வேறு விதத்தில்: சூட்டைப் பரவலாக வாங்கிக்கொள்ளும், தேய்மானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் பிளேட்டில் உராயும் பகுதியைக் காட்டி ‘அகலமான லைனிங்’ என்று கடையில் சொன்னால், இழுவை கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘ஹெவி டியூட்டி’ கவரில் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தை வெல்ல வேண்டியது என் இடது கால். காலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருப்பது முப்பது வருடத்துக்கு முந்தைய கணக்கில் செய்த ஒரு கேபிள், ஒரு ஃபோர்க், ஒரு ரிலீஸ் பேரிங். கேபிள் அறுந்ததில் வியப்பே இல்லை. இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை எஞ்சினின் கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளும். அதைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய திரஸ்ட் பேரிங். அது தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வீட்டில் ஃபியூஸ் எதற்கு? மின்சாரம் மிஞ்சினால் தான் உருகி, வீட்டைக் காப்பாற்றுவதற்கு. கிளட்ச்சும் அப்படித்தான். கால் வழுக்கிப் பெடலைச் சடாரென்று விட்டுவிட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் வேகம் மொத்தமும் ஒரே அடியாகக் கியர்பாக்ஸின் மேல் விழும். சரியான அளவுள்ள கிளட்ச் அந்த நேரத்தில் ஒரு கணம் வழுக்கிக் கொடுக்கும். 168-க்கு மேல் போகும் அடியைப் பிளேட் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும். வழுக்காத கிளட்ச்சைப் போட்டால், அடி கியர் பல்லுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் எஞ்சின் மவுண்டிங்குக்கும் போகும். அவையெல்லாம் பழைய காடியில் வயதானவை. சில பாகங்களுக்கு, பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப்-கட் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். தேய்வதற்காகவே பிறந்த பாகத்தைத் தேயாதபடி செய்தால், தேயக் கூடாதது தேயும்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது அழகான பொருள். சுருள் கம்பி அல்ல. கூம்பு போல லேசாகக் குழிந்த உருக்குத் தட்டு, நடுவை நோக்கி விரல் விரலாக வெட்டியிருக்கும். டயஃப்ரம் ஸ்பிரிங் என்பார்கள். இதற்கு மூலமான கூம்புத் தட்டு ஸ்பிரிங்குக்கு 1867-இல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் ஜூலியன் பெல்வில். ஜாம் போத்தலின் தகர மூடியை நடுவில் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். முதலில் எதிர்க்கும், ஒரு கட்டத்துக்கு மேல் எதிர்ப்பு தளர்ந்து ‘டக்’கென்று உள்ளே போகும். இந்த ஸ்பிரிங்கின் குணமும் கிட்டத்தட்ட அதுதான். சுருள் ஸ்பிரிங் என்றால், பிளேட் தேயத் தேய அழுத்தம் சீராகக் குறைந்துகொண்டே வரும். டயஃப்ரம் ஸ்பிரிங்கில் பிளேட் தேயும்போது அழுத்தம் முதலில் கொஞ்சம் ஏறும், பிறகுதான் இறங்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். பெடல் மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கனமாகிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் அது பிளேட் தேய்வதன் அடையாளம். பலரும் கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அடுத்தது, கிளட்ச் கடைசி நேரம் வரை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்து, பிறகு சில வாரங்களுக்குள் விழுந்துவிடும். நேற்று வரை நன்றாக ஓடியதே என்று நாம் ஆச்சரியப்படுவது இதனால்தான். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஆளில்லாத நேராக ஓடும் சாலையில் நான்காவது கியரில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்ணெய் பெடலை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் பிளேட் வழுக்குகிறது. கூலாயிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில், இரண்டு பக்கமும் செம்பனை நிற்கும் ஓர் இடத்தில்தான் என் காடியின் பழைய பிளேட்டில் அதைக் கேட்டேன்.

பிளேட் எப்படித் தேய்கிறது என்பது சூட்டின் கதை. நின்ற இடத்திலிருந்து காடி கிளம்பும்போது, வண்டி எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெறுகிறதோ, குறைந்தது அவ்வளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாக வீணாகும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள காடி மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வரும்வரை கிளட்ச் வழுக்கினால், சுமார் 4,500 ஜூல் வெப்பம். அந்த அளவு ஒன்றும் செய்யாது. கவரின் இரும்பு இரண்டு டிகிரி சூடாகும், பிறகு ஆறிவிடும்.

பயப்பட வேண்டியது மேட்டில் காலால் பிடித்து நிறுத்துவதற்கு. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் மாடி மாடியாக ஏறும் கார் நிறுத்துமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வரிசை நிற்கிறது. கை பிரேக்கைப் போடாமல், கிளட்ச்சைப் பாதி விட்டு, எண்ணெயைக் கொஞ்சம் கொடுத்து, காடி பின்னால் உருளாதபடி அப்படியே பிடிக்கிறோம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடினால், அந்தப் பிளேட்டில் இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 2,500 வாட். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டிலை விட அதிகம். அதை ஒரு சாண் அகலத் தட்டில், மூடிய பெட்டிக்குள், காற்றோட்டம் இல்லாமல் வைத்திருக்கிறோம். பத்து நொடி பிடித்தால் ஐந்தாறு முறை கிளம்பிய தேய்மானம் சேர்ந்துவிடும். அதில் வரும் கருகிய வாடை, லைனிங்கைக் கட்டியிருக்கும் பீனால் பிசின் கருகிச் சிதைவதன் வாடை. 1907-இல் கண்டுபிடித்த பேக்லைட்டின் உறவுக்காரப் பொருள் அது. பழைய வீடுகளின் கறுப்பு விளக்கு சுவிட்சுகள் செய்த அதே பேக்லைட்.

நம் பக்கத்துக் காடிகளின் பெரிய எதிரி, ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வே. கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டர் போக கிளட்ச்சை விரல் விட்டு எண்ணும் அளவுதான் மிதிப்போம். 1924-இல் திறந்த காஸ்வேயின் நீளமோ ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நெரிசலில் ஐந்து ஐந்து மீட்டராக நகர்ந்தால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு 200 முறைக்கு மேல் கிளம்ப வேண்டும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவரின் பிளேட்டும், தோட்டத்திலிருந்து டவுனுக்கு மட்டும் வந்துபோகும் ஒருவரின் பிளேட்டும் ஒரே நாளில் போட்டதாக இருந்தாலும் ஒரே நாளில் தேயாது. ஆகவே ‘இத்தனை கிலோமீட்டர் உழைக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதில் பொருள் இல்லை. நெரிசலில் முன் வண்டியோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு, முதல் கியரில் காலை முழுதாக எடுத்துவிட்டால், எண்ணெய் கொடுக்காமலே காடி மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். இது எந்த விலையுயர்ந்த லைனிங்கும் தராத ஆயுள்.

லைனிங் வகைக்கு வருவோம். சாதாரண பிளேட்டில் இருப்பது ‘ஆர்கானிக்’ லைனிங்: கண்ணாடி இழை, பிசின், ரப்பர், இடையிடையே செம்பு அல்லது பித்தளைக் கம்பி. உற்றுப் பார்த்தால் அந்தக் கம்பி நூல் போல மின்னும். அடுத்த வகை கெவ்லார். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழை. நெடுநாள் உழைக்கும், ஆனால் ஃப்ளைவீலோடு படிந்து வருவதற்குப் பொறுமை வேண்டும். பிறகு செராமிக்: பிளேட்டில் முழு வளையமாக இல்லாமல், துண்டு துண்டாக நாலைந்து கட்டிகள். அதிகச் சூட்டிலும் பிடி தளராது, உராய்வுக் கெழுவும் அதிகம். பந்தயக் காடிக்கு வேண்டிய குணம் அது. சாலையிலோ அது பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆர்கானிக் பிளேட்டின் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக நெளிந்த மெல்லிய உருக்குத் தகடு இருக்கும். கிளட்ச்சை விடும்போது அது மெத்தை போல அமுங்கி, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். காடி குலுங்காமல் கிளம்புவது அந்த நெளிவால்தான். பல செராமிக் பிளேட்டுகளில் அந்த மெத்தையே இருக்காது. மாற்றம் செய்யாத காடிக்கு ஆர்கானிக் போதும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

பிளேட்டின் நடுவில் நான்கோ ஆறோ சிறு சுருள் ஸ்பிரிங்குகள் படுத்திருக்கும். அவை அழுத்துவதற்கு அல்ல, அதிர்வை விழுங்குவதற்கு. எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் உந்தல். சாகாவின் நான்கு சிலிண்டரில், ஒரு சுற்றுக்கு இரண்டு உந்தல். 1994-இல் வந்து 2009 வரை தயாரான பெரோடுவா கஞ்சிலுக்கு மூன்று சிலிண்டர்தான், ஒரு சுற்றுக்கு ஒன்றரை உந்தல். நிமிடத்துக்கு 900 சுற்றில் நிற்கும்போது சாகாவில் நொடிக்கு 30 தட்டு, கஞ்சிலில் 22 அல்லது 23. இடைவெளி கூடக் கூட ஒவ்வொரு தட்டும் தனியாகத் தெரியும். அந்தந்த எஞ்சினின் தட்டுக்கு ஏற்ற மென்மையில்தான் அந்தச் சிறு ஸ்பிரிங்குகளைத் தேர்ந்திருப்பார்கள். அளவும் பல் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதே என்று வேறு காடியின் பிளேட்டைப் போட்டால், ஓடும். ஆனால் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடவென்று பேசும்.

இதனால்தான் கடைக்குப் போகும் முன் காடியின் கிராண்ட்டை, அதாவது பதிவுச் சான்றிதழை, எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். 1985 ஜூலை 9-இல் அறிமுகமான முதல் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது, எஞ்சினும் மிட்சுபிஷியுடையதே. எஞ்சின் எண்ணின் தொடக்கம் 4ஜி13 என்றால் 1.3, 4ஜி15 என்றால் 1.5. கைமாறி வந்த காடி என்றால், முன்பு வைத்திருந்தவர் ஹாஃப்-கட் எஞ்சின் மாற்றியிருக்கக்கூடும். நம் காடி மாற்றம் செய்யாதது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கிராண்ட்டில் உள்ள எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுவது நல்லது.

பெட்டிகளைப் பொறுத்தவரை, ஜப்பானியக் காடிகளுக்கு ஆலையிலேயே கிளட்ச் செய்து கொடுத்த எக்ஸெடி, ஐசின் போன்றவர்களின் செட்டை வாங்குவது பத்திரம். ஒசாகாவில் தொடங்கிய எக்ஸெடியின் பெயர் 1995 வரை டைகின் மேனுஃபேக்சரிங். வயதான ஃபோர்மென்கள் இன்னமும் ‘டைகின் கிளட்ச்’ என்கிறார்கள். போலி வராமல் இருக்கத் தெரிந்த கடையில் வாங்க வேண்டும். கவர், பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றி, தளர்ந்த கவரை மறுபடியும் பூட்டுவதில் மிச்சமாவது சொற்பம். முன்சக்கர இழுவைக் காடியில் டிரைவ் ஷாஃப்ட்டை உருவி, கியர்பாக்ஸை இறக்குவதற்கு அரை நாள் வேலை. பேரிங் மூன்று மாதத்தில் கத்த ஆரம்பித்தால் அந்த அரை நாளுக்கு இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டும்.

அறுந்த கேபிளோடு நான் போய் நின்றது வேறொரு வர்க்‌ஷாப்பில். அங்கே இருந்த ஃபோர்மென் அறுபது வயதைத் தாண்டியவர். ஹெவி டியூட்டி கவரை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இது லோரிக்குப் போட்டாலும் இழுக்கும். உங்க காடிக்கு எதுக்கு?” என்றார். பிறகு ஃப்ளைவீலில் டார்ச் அடித்துக் காட்டினார். முகத்தில் இரண்டு இடத்தில் நீல நிறத் திட்டுகள். உருக்கு 300 டிகிரி அளவில் சூடாகும்போது படரும் நிறம் அது. பழைய பிளேட் வழுக்கிய காலத்தில் வந்தது. போன முறை யாரும் கவனிக்காமல் அப்படியே மூடியிருக்கிறார்கள். விரலால் தடவச் சொன்னார். திட்டு இருந்த இடம் மயிரிழை அளவு மேடாக இருந்தது. இன்னும் அதிகச் சூடு கண்ட இடத்தில் இரும்பின் படிக அமைப்பே மாறி, கண்ணாடி போல இறுகிவிடும். லேத்தில் கடைந்தால் உளி அந்த இறுகலின் மேல் துள்ளும். அரவைக் கல்லால் தேய்த்து ஸ்கிம் செய்தால்தான் சமமாகும். ஸ்கிம் செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கவர் உட்காரும் இடமும் பிளேட் உரசும் இடமும் வேறு வேறு உயரத்தில் இருந்தால், இரண்டையும் ஒரே அளவு இறக்க வேண்டும். பிளேட் உரசும் இடத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் இறக்கினால், புதுப் பிளேட் அரை மில்லிமீட்டர் தேய்ந்த நிலையில் வாழ்க்கையைத் தொடங்குகிறது.

அரை மில்லிமீட்டர் சின்னதாகத் தெரியலாம். அவர் ஓரத்தில் கிடந்த ஒரு பழைய ஆர்கானிக் பிளேட்டை எடுத்து, வெர்னியரின் நுனியை ரிவெட் குழிக்குள் விட்டுக் காட்டினார். லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை வரை உள்ள ஆழம்தான் பிளேட்டின் மிச்ச ஆயுள். 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்று என்று ஜப்பானியப் பட்டறைக் கையேடுகள் சொல்கின்றன. புதுப் பிளேட்டிலேயே ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டித்தான் தேய்வதற்கு இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் நம் பத்து, பதினைந்து வருடப் பயணம் அத்தனையும்.

எஞ்சினின் பின் ஆயில் சீலையும் கியர்பாக்ஸின் முன் சீலையும் நான் கேட்காமலே மாற்றினார். சில வெள்ளிக்கு வாங்கும் ரப்பர் வளையம் கசிந்தால், சில நூறு வெள்ளி பிளேட் எண்ணெய் குடித்து வீணாகும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். பிளேட்டின் பல்லுக்கு கிரீஸ் தடவியபோது விரல் நுனியில் ஒட்டிய அளவுக்கு மேல் எடுக்கவில்லை. மிஞ்சிய கிரீஸ் சுழற்சியில் சிதறி லைனிங்கில்தான் போய் விழும். ஸ்பிரிங் துருத்தி நிற்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்திருக்க, நடுவில் டம்மி தண்டை நுழைத்து, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.

கடைசியாகக் கேபிள். பெடலின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தி, எதிர்ப்பு வரும்வரை எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்று பார்த்து நட்டைத் திருகினார். அந்தச் சும்மா போகும் தூரம் துளியும் இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். புதுக் கிளட்ச்சும் வழுக்கும். பிளேட் தேயத் தேய அது குறைந்துகொண்டே வரும் என்பதால், சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். முதல் 500 கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்ட வேண்டும், லைனிங் ஃப்ளைவீலோடு படிய அவ்வளவு தூரம் ஆகும் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டாவது கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. டிசம்பர் மழையில் நாலைந்து நாள் வீட்டு வாசலிலேயே நின்ற பிறகு, காலையில் முதல் முறை கிளம்பும்போது காடி லேசாக நடுங்கியது. பயந்து அவருக்குப் போன் போட்டேன். ஃப்ளைவீல் முகத்தில் ஈரத்தால் படிந்த மெல்லிய துருதான், நாலு தடவை கிளம்பினால் போய்விடும் என்றார். தாமான் முனை திரும்புவதற்குள் போய்விட்டது.